விரலை எடுத்தால்தான் ஓடும்

ஆயுசு முழுக்க லிஃப்ட் ஓட்டிய மனிதருக்குச் சொந்தப் பெண்டாட்டியை நாலாவது மாடியிலிருந்து கீழே இறக்க வழியில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ஆரம்பத்தில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வற்றிவிட்டது.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. இருக்கிறது என்றால், கதவு இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, "பழுது" என்று ஓர் அட்டை தொங்குகிறது. அந்த அட்டை நைந்துபோய் ஒருமுறை புது அட்டைகூட மாற்றினார்கள். லிஃப்டை மட்டும் தொடவில்லை. என் முட்டிகள் இரண்டும் ஆஸ்பத்திரித் தரைகளை மண்டிபோட்டுத் துடைத்தே தேய்ந்தவை. ஏறுவதையாவது எப்படியோ சமாளிப்பேன், இறங்குவதுதான் உயிர் போகும். கடைசியாக டாக்டரைப் பார்க்க இறங்கியபோது பாதிப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். மேலிருந்து பார்த்தால் மனிதர்களின் உச்சந்தலைதான் தெரியும். எதிர்க் கடைக்காரருக்கு வழுக்கை விழுந்த சமாசாரம் அவர் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கீழ்த்தள வீடு. இந்தக் கட்டடங்களை வாடகைக்கு விட்டிருக்கும் குடியிருப்பு அலுவலகத்தில், முடியாதவர்களுக்குக் கீழ்த்தளம் ஒதுக்க ஒரு வரிசை உண்டு. அதில் என் பெயர் இருக்கிறது. முன்பெல்லாம் வீடு காலியானால் ஆள் அனுப்பிச் சொல்வார்கள். நாம் போய் ஜன்னலில் நின்று "சரி" என்றால் முடிந்தது. இப்போது அந்த ஜன்னலை மூடிவிட்டார்கள். எல்லாம் போனில், ஆப்பில். செய்தி வந்த அன்றே, அலுவலகம் மூடுவதற்குள், "ஏற்கிறேன்" என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இரண்டு தடவை தவறவிட்டால் நம் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும். வாலிலிருந்து மறுபடி தலைக்கு வருவதற்குள், எனக்கு இந்த நாலாவது மாடிக்கும் மேலே, வானத்தில் இடம் ஒதுக்கிவிடுவார்கள்.

ஒரு தடவை ஏற்கெனவே தவறிப்போயிற்று. தவறவிட்டவர் என் வீட்டுக்காரர். செய்தி வந்ததும் மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆப்பின் படத்தின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார். திரையில் இருந்த படங்களெல்லாம் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்க ஆரம்பித்தன. "என்னடி இது, ஆட்டம் காணுது" என்று பதறி, நடுக்கத்தை நிறுத்துவதற்காக ஓரத்தில் தெரிந்த பெருக்கல் குறியில் விரலை வைத்தார். அதையும் விடாப்பிடியாக. ஆப் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வாரக் கடைசியில் எங்கள் மகன் வந்து, "குடுப்பா இங்க" என்று போனை வாங்கி, டக்டக்கென்று தட்டி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தான். வீடு மட்டும் வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மகன் போகும்போது, "இனிமே நீ எதையும் தொடாதப்பா, செய்தி வந்தா எனக்குச் சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்துதான் கொடுப்பார்கள். அதற்குள் அலுவலகமும் மூடியிருக்கும்.

கீழே துணி துவைக்கும் அறையில் போன் வகுப்பு நடக்கிறது என்று மூன்றாம் மாடித் தையல்காரிதான் வந்து சொன்னாள். "பெரியவங்களுக்குன்னே நடத்தறாங்கக்கா. காசெல்லாம் கேக்கல. மாமாவை அனுப்புங்க." நான் அனுப்பினேன். அடியும் உதையும் வாங்காமல் ஒரு மனிதர் இவ்வளவு சோர்ந்து படியிறங்கி நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவர் முகம் வேறாக இருந்தது.

"அந்த டீச்சரம்மா போனைத் தொடவே மாட்டேங்கறாங்க" என்றார்.

"தொடாம எப்படிச் சொல்லிக் குடுப்பாங்க? ரேடியோவுல நீச்சல் கத்துக்குடுக்கற மாதிரியா?"

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறாங்க. நம்ம திணறினா, 'இப்ப என்ன தெரியுது, படிங்க'ன்னு மட்டும் கேக்கறாங்க. ஒருத்தர் போனை நீட்டி, 'நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க'ன்னார். 'நான் தொட்டா அது என் வேலையாயிடும்யா, உங்களோடதா இருக்காது'ன்னுட்டாங்க."

அந்த டீச்சருக்குக் கட்டடம் முழுக்கக் "கைகட்டி டீச்சர்" என்று பெயர் விழுந்துவிட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. உதவி செய்ய வந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவளை என்னவென்று சொல்வது? ஆனால் இந்த மனிதர் ஒரு வகுப்பைக்கூட விடாமல் போனார். போன ஒவ்வொரு தடவையும் எதையாவது அழித்துவிட்டு வந்தார். கடிகாரம் போயிற்று. கால்குலேட்டர் போயிற்று. மகனின் கல்யாணப் படம் திரையிலிருந்து போய், அந்த இடத்தில் யாரோ ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து, அந்தம்மா அவரோடு மேலே ஏறி வந்துவிட்டாள். நாற்பதை ஒட்டிய வயது, கனமான உடம்பு, தோளில் ஒரு பெரிய பை. நாலு மாடி ஏறியதில் பேச்சு வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து முதல் வேலையாக, "இந்தப் படியை எப்படிம்மா இறங்கறீங்க?" என்றாள்.

"இறங்கறதில்ல" என்றேன்.

அவள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவில்லை. உச்சுக்கொட்டியிருந்தால் அப்போதே அனுப்பியிருப்பேன்.

பிறகு என் வீட்டுக்காரர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, இத்தனை நாளா உங்க விரலைத்தான் பாத்துட்டிருக்கேன். மத்தவங்க பயத்துல தொடவே மாட்டாங்க, இல்லன்னா நாலஞ்சு தடவை தட்டுவாங்க. நீங்க மட்டும் வெச்சா எடுக்கறதில்ல. என்ன வேலை பாத்தீங்க?"

"லிஃப்ட்."

"பொத்தானை அழுத்தினா போதும்தானே? அதுவாப் போயிடாதா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலையைப் பற்றி யாராவது கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. "அது இப்ப வர்ற லிஃப்ட்டும்மா. எங்களுது பழசு. ஏறி முடியற வரைக்கும் பொத்தானைப் பிடிச்சுட்டே இருக்கணும். நடுவுல விரல் லேசா எழும்பினாக்கூடப் பொசுக்குனு நின்னுடும், ரெண்டு மாடிக்கு நடுவுல. உள்ள இருக்கறவங்க கத்த ஆரம்பிச்சுடுவாங்க. குழந்தைங்க அழும். அதனால உசிரே போனாலும் விரலை மட்டும் எடுக்கக் கூடாதுன்னு பழகிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்த விஷயம் எனக்குத் தெரியாது. வாசல் மணியைக்கூட இந்த மனிதர் நாம் திறக்கும்வரை அழுத்திக்கொண்டே நிற்பார். அதற்கு நான் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்காமல் விட்டேன்.

டீச்சர் அவர் கையிலிருந்த போனைக் கண்ணால் காட்டினாள். பிறகு சொன்னாள், "ஐயா, அங்க விரலை எடுத்தா நின்னுடும். இங்க விரலை எடுத்தாத்தான் ஓடும். நீங்க விடற வரைக்கும் இது உங்களுக்காகக் காத்துட்டிருக்கு."

அவர் போனைப் பார்த்தார். ஆப்பின் மேல் விரலை வைத்தார். எடுத்தார். அது திறந்துகொண்டது. மறுபடி மூடினார், வைத்தார், எடுத்தார், திறந்தது. அன்று முழுக்க அதைத் திறந்து மூடித் திறந்து மூடியே போனின் உயிரை வாங்கிவிட்டார்.

யார் சொல்லியிருந்தாலும் "அழுத்தாதீங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். மகன் சொன்னான், நான் சொன்னேன், கத்தினேன்கூட. ஏன் அழுத்துகிறார் என்று கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாவிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

கிளம்பும்போது வாசலில் நின்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். படிக்கட்டில் இரண்டு படி இறங்கிப் பார்த்தாள், ஏறிப் பார்த்தாள். எங்கள் வீட்டு வாசலுக்கும் மாடிப்படி ஜன்னலுக்கும் நடுவில் உள்ள இடத்தில் நின்று, "இங்க சிக்னல் நல்லா கிடைக்குதே" என்றாள். "அடுத்த வகுப்பை இங்க வெச்சுக்கலாமாம்மா? கீழ இருக்கறவங்க ஏறி வந்துடுவாங்க. மேல இருக்கறவங்களாலதான் இறங்க முடியல."

அப்படித்தான் வகுப்பு எங்கள் வாசலுக்கு வந்தது. அவரவர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். தையல்காரி வந்தாள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற காவலாளி வந்தார். மேல்மாடிகளிலிருந்து, அங்கே ஆள் இருக்கிறார்கள் என்றே நான் மறந்துபோயிருந்த இரண்டு பேர் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார்கள். போன் இல்லாதவர்களுக்கு டீச்சரே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் அலுவலகத்தில் எல்லார் மேஜைக்குள்ளும் பழைய போன் ஒன்று சும்மா கிடந்ததாம். ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கி, துடைத்து, பேட்டரி மாற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

நான் மாணவி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு போன், அது அவர் கையில். நான் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவேன், அவ்வளவுதான். ஆனால் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? டீச்சர் கேள்வி கேட்டு அவர்கள் விழிக்கும்போது என் வாய் சும்மா இருக்காது. "மேல இடது பக்கம் ஒரு அம்பு இருக்கும், அதைத் தொட்டா பழையபடி வரும்" என்று கத்தியும் கையுமாகச் சொல்வேன். தையல்காரி, "அக்காதான் முதல் ரேங்க்" என்பாள். வாயால் நீந்துவதற்கு ரேங்க் கொடுத்தால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மா நடத்திய விதத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒருநாள் வந்ததும், "இன்னிக்கு எல்லாரும் தப்புப் பண்ணணும். சரியாப் பண்றவங்க வெளிய போயிடுங்க" என்றாள். ஆப்பை அழிக்க வைத்தாள், திரும்பக் கொண்டுவர வைத்தாள். தப்பான ஆளுக்குச் செய்தி அனுப்ப வைத்தாள், அதை அழிக்க வைத்தாள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ராஜா. அவர் செய்யாத தப்பே இல்லை என்பதால் எல்லாருக்கும் வழி சொன்னார். காவலாளி மட்டும், தெரியாத யாருக்கோ "காலை வணக்கம்" என்று ரோஜாப் படத்தை அனுப்பிவிட்டு, அந்த ஆள் பதிலுக்கு ஒரு சூரியகாந்தி அனுப்பியதும் அதை அழிக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தார். இப்போது இருவரும் தினமும் பூ அனுப்பிக்கொள்கிறார்களாம். இதுவரை பேசியதே இல்லையாம்.

தையல்காரியின் கதை வேறு. துணி மூட்டையோடு படியிறங்கிக் கடைத்தெருவுக்குப் போக முடியாததால் வேலை குறைந்து மெஷினை விற்கிற நிலையில் இருந்தவள் அவள். தைத்த உடைகளை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பக் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் வீட்டில் மெஷின் சத்தம் நிற்பதே இல்லை. எனக்குத் தலைவலி வருகிறது. சந்தோஷமான தலைவலி.

ஒருநாள் எல்லாரும் போனபிறகு டீச்சரிடம் கேட்டேன். "உங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?"

அவள் பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "நான் குடியிருப்பு ஆபீஸ்லதாம்மா இருந்தேன், அந்த ஜன்னல்ல. மூடினதும் உள்ள தூக்கிப் போட்டாங்க. ஆப்ல வர்ற கேள்விக்கெல்லாம் பதில் போடற வேலை. உக்காந்து பாக்கறேன், எனக்குப் பழக்கமான பேர் ஒண்ணுகூட வரல. தினம் வரிசையில நின்னு என்கிட்ட சண்டை போட்டவங்க எல்லாம் எங்க? எல்லாரும் ஒரே நாள்ல செத்தா போயிட்டாங்க? அதான் முறை போட்டு எனக்கு லீவு வர்ற நாள்ல தேடிட்டு வந்தேன்."

என் வீட்டுக்காரர் உடனே கொக்கி போட்டார். "உள்ளயே இருக்கீங்களே டீச்சரம்மா. இவ பேரைக் கொஞ்சம் பாத்து..."

"பாக்க முடியும்யா" என்றாள். "ஆனா அம்மாவுக்கு முன்னாடி ஒருத்தர் இருப்பார். அவருக்கும் கால் முடியாது. அவர் வீட்டுக்குப் போய் நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் பாடம் நடத்தறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இரண்டாவது செய்தி ஒரு வகுப்பு நாளில் வந்தது. மத்தியானம் சாப்பிட்டு அவர் கண்ணயர்ந்திருந்தார். போன் ஒரு சத்தம் போட்டது. எழுந்து பார்த்தவர், "ஏய், வந்துடுச்சு" என்றார். பக்கத்துக் கட்டடம், கீழ்த்தளம், தெருவைப் பார்த்த வாசல். இதை விட்டால் வால்தான்.

அவர் தொட்டார், எடுத்தார், ஆப் திறந்தது. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அது, விண்ணப்பித்தவர் தன் முகத்தைக் காட்ட வேண்டும் என்றது. விண்ணப்பித்தவள் நான்.

போன் என் கைக்கு வந்தது. திரையில் ஒரு வட்டம், அதற்குள் என் மூக்கு. "முகம் தெளிவாக இல்லை" என்றது. இன்னொரு தடவை. "முகம் தெளிவாக இல்லை." என் முகத்தைப் பற்றி இவ்வளவு மோசமாக யாரும் பேசியதில்லை. "கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசாம இரு, நீ பேசற வரைக்கும் அதுக்குப் புரியாது" என்றார் அவர். வாயை மூடினேன். ஏற்றுக்கொண்டது.

அடுத்து வீட்டு விவரம் வந்தது. கீழே "ஏற்கிறேன்", அதற்குப் பக்கத்தில் "மறுக்கிறேன்".

"இந்தாங்க, அமுக்குங்க" என்று போனை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "உன் பேர்ல வந்திருக்கு. நீ பண்ணு."

"விளையாடறீங்களா? எனக்குத் தெரியாது."

"தெரியாதா? நாங்க முழிக்கும்போதெல்லாம் பதில் சொன்னது யாரு?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். "ஏற்கிறேன்" என்பதைத் தொட்டேன். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. என்ன இது, காது கேட்கவில்லையா என்று இன்னொரு தடவை குத்தினேன், இன்னொரு தடவை. மூன்றாவது குத்து விழும் நேரத்தில் பக்கம் சட்டென்று நகர்ந்தது. என் விரலுக்கு அடியில் வேறு எதுவோ வந்துவிட்டது. திரை நடுவில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"இந்த வீட்டை மறுக்க விரும்புகிறீர்களா?"

"ஐயோ, போச்சு. மறுத்துட்டேன். நானே மறுத்துட்டேன். பிடிங்க இதை, நீங்களே ஏதாவது பண்ணித் தொலைங்க!"

அவர் இரண்டு கைகளும் போனைப் பிடிக்க முன்னால் வந்தன. நான் பார்த்தேன். பாதி வழியில் நின்றன. பிறகு பின்னால் போய், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன.

"ஒண்ணும் ஆகலைங்க" என்றார்.

அது அவர் குரல்தான். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. தாழ்ந்து, அவசரம் துளிகூட இல்லாமல், எதிரில் இருப்பவள் பெண்டாட்டி என்பதையே மறந்த மாதிரி மரியாதையோடு வந்தது.

"நடுவுல நின்னிருக்கு, அவ்வளவுதான். கீழ விழாது. இப்ப யாரும் எதையும் தொட வேண்டாம். நல்லா மூச்சு விடுங்க. விட்டீங்களா? சரி. இப்ப என்ன தெரியுது, படிங்க."

"மறுக்க விரும்புகிறீர்களா."

"விரும்பறீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப உங்க பதில் என்ன?"

"இல்லை."

"இல்லைன்னு அங்க எழுதியிருக்கா பாருங்க. இருக்கா? அதை ஒரு தடவை தொட்டுட்டு விரலை எடுத்துடுங்க. எடுத்துட்டுச் சும்மா இருங்க. இப்ப சும்மா இருக்கறதுதான் வேலை."

தொட்டேன். எடுத்தேன். சக்கரம் சுற்றியது. என் விரல் தினவெடுத்தது. கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பேர் அந்த லிஃப்டின் இருட்டுப் பெட்டிக்குள் இந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள் என்று அப்போது தோன்றியது. ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், வீட்டில் இருந்த எனக்குத்தான் கேட்கக் கிடைக்கவில்லை.

வீட்டு விவரம் திரும்ப வந்தது. "ஏற்கிறேன்" அங்கேயே இருந்தது. ஒரே ஒரு தடவை தொட்டேன். சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அது நிற்கும்வரை கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"உங்கள் ஏற்பு பதிவாகிவிட்டது" என்று வந்தது. சத்தமாகப் படித்தேன். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை படித்தேன்.

வாசல் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பினால் டீச்சர். திறந்திருந்த கதவுக்கு வெளியே, தோளில் பையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"நீங்க 'போச்சு'ன்னு கத்தினீங்களே, அப்பவே வந்துட்டேன்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பவே வந்து, பாத்துட்டா நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீடு போயிருந்தா?"

"உசிரே போயிடுச்சும்மா" என்றாள். கையை முன்னால் கொண்டுவந்தாள். தன் விரல்களைத் தானே நெரித்து நெரித்து அவை கன்றிச் சிவந்திருந்தன. "ஓடி வந்து புடுங்கிடலாம்னுதான் இருந்துச்சு. ஆனா ஐயா சொல்லிட்டிருந்தாரே. நான் வாயைத் திறந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாத்திருப்பீங்க, திரையைப் பாத்திருக்க மாட்டீங்க."

அவளைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கோ போய்விட்டன. உதவி என்றால் ஓடி வந்து செய்து கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓடி வருவது சுலபம், என் மகன்கூட வருவான். செய்யத் தெரிந்த கையைக் கட்டி வைத்துக்கொண்டு, அடுத்தவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அந்தச் சிவந்த விரல்களைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. இந்த ஊரில் அவளைப் போல இன்னும் நாலு பேர் இருந்தால் போதும், மூடின ஜன்னலைப் பற்றி நாங்கள் கவலைப்பட மாட்டோம்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றேன். "டீ போடறேன்." எழுந்திருக்கப் பார்த்தேன். பாழாய்ப்போன முட்டி மறுபடி நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது.

வீட்டுக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் நின்றார். கண் கலங்கியிருந்தது, உதட்டோரம் சிரிப்பு இருந்தது. சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, என் நாற்காலிக்குப் பக்கவாட்டில் வந்து நின்று, லேசாகக் குனிந்தார்.

"எந்த மாடிக்குப் போகணுங்கம்மா?" என்றார்.

கிண்டலாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன்.

"கீழ" என்றேன். "கீழ போகணுங்க." சொல்லிவிட்டு, டீச்சர் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.